பிடிக்கவில்லை என்று போடு

பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் பருவத்தில் மும்பையின் ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வேறு பேச்சே இருக்காது. ஜூனியர் காலேஜில் சயன்ஸா, காமர்ஸா, இல்லை பாலிடெக்னிக்கா என்கிற விசாரணை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தொடங்கிக் கோயில் வாசல் வரை நடக்கும். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று காலம் தள்ளும் என்னிடமும் அந்த விசாரணை ஆண்டுதோறும் வந்து சேரும். முன்பெல்லாம் பெற்றோர் மதிப்பெண் பட்டியலை மட்டும் எடுத்து வருவார்கள். இப்போது சில ஆண்டுகளாக இன்னொன்றையும் காட்டுகிறார்கள். பிள்ளை கைப்பேசியில் செய்து முடித்த ஏதோவோர் ஆர்வத் தேர்வின் முடிவு அது. மேலே பிள்ளையின் பெயர், அடுத்து வண்ணப் பட்டைகள், அதற்கும் கீழே ‘உங்களுக்கு ஏற்ற தொழில்கள்’ என்று ஒரு பட்டியல். “இதுல என்ன சொல்லியிருக்கு, பாருங்க டீச்சர்” என்று நீட்டும்போது, மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவை நீட்டும் அதே பயமும் அதே நம்பிக்கையும் அவர்கள் முகத்தில் இருக்கும்.

இந்தத் தேர்வுகளை இளக்காரமாகப் பார்ப்பவள் அல்ல நான். இவை வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தால் இளக்காரம் செய்யத் தோன்றாது. என் அப்பா தலைமுறையில் மாட்டுங்காவில் வந்து இறங்கியவர்களுக்குத் தட்டச்சில் ஹையரும் சுருக்கெழுத்தும்தான் படிப்பு. அது யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள். என் முறை வந்தபோது மதிப்பெண் முடிவு செய்தது: நிறைய வாங்கினால் சயன்ஸ், நடுவாக வாங்கினால் காமர்ஸ், தேறினால் போதும் என்றிருந்தவர்களுக்கு ஆர்ட்ஸ். இதற்கு மேல் குழப்பம் வந்தால் ஜாதகம் பார்த்தார்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான் என்று பார்த்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கு எது பிடிக்கும்’ என்று ஒரு திரையாவது கேட்கிறதே என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. மகாராஷ்டிர அரசு 2016இல் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கென்று ஆர்வத் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்து, வேளாண்மை, நுண்கலை, வணிகம் தொடங்கிச் சீருடைப் பணிகள் வரை ஏழு துறைகளாகப் பிரித்து முடிவு கொடுத்தபோது, எங்கள் பக்கத்தில் அதைச் சடங்காக நினைத்தவர்களே அதிகம். நான் நல்லது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு ‘தமன்னா’ என்ற பெயரில் வந்த திறனறித் தேர்வையும் அப்படித்தான் வரவேற்றேன். நடிகையின் பெயரை வைத்துப் பிள்ளைகள் சிரித்தது வேறு கதை.

ஆக, என்னுடைய உறுத்தல் இந்தத் தேர்வுகள் தேவையா, தேவையில்லையா என்பது பற்றியது அல்ல. இந்த ஆண்டு ஒரு வீட்டில், அறுபது கேள்விகள் உள்ள ஒரு தேர்வில், இரண்டாவது கேள்வியிலேயே நடந்த ஒன்று என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. அதன் பிறகு ‘பிடிக்கும்’, ‘பிடிக்காது’ என்ற பெட்டிகளைப் பார்த்தாலே இதில் யாருடைய விருப்பம் பதிவாகியிருக்கிறது என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்வி

அந்தத் தேர்வு அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாக வெளியிட்டிருப்பது. பணம் பறிக்காது, தொலைபேசி எண் கேட்காது, பிறகு அழைத்து நச்சரிக்காது என்பதால் கேட்பவர்களுக்கெல்லாம் நான் அதைத்தான் காட்டுவேன். அதன் அடிப்படை, ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாடு. மனிதர்களின் தொழில் ஆர்வத்தை அவர் ஆறு வகையாகப் பிரித்தார்: கையாலும் கருவியாலும் செய்யும் வேலை, ஆராயும் வேலை, கலை, பிறருக்கு உதவுவது, முன்நின்று நடத்துவது, ஒழுங்காகக் கணக்கு வழக்குப் பார்ப்பது. தொழில்களையும் அதே ஆறாகப் பிரிக்கலாம், ஆளின் வகையும் தொழிலின் வகையும் ஒத்துப்போனால் ஆள் நிலைத்து நிற்பார் என்பது அவர் வாதம். ஹாலண்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் ஆட்களை நேர்காணல் செய்து வகைப்படுத்தும் வேலையில் இருந்தவர். வந்தவர்களின் வேலை வரலாறுகளைக் கேட்டுக் கேட்டு, இவை சில வகைகளுக்குள் அடங்குகின்றனவே என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது. இன்று கைப்பேசியில் உலவும் ஆர்வத் தேர்வுகளில் பெரும்பாலானவற்றை உரித்துப் பார்த்தால் உள்ளே இந்த ஆறுதான் இருக்கும்.

நான் சொல்லும் பெண்ணின் அப்பா டைல்ஸ் மிஸ்திரி. விழுப்புரம் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்தவர், இப்போது லோயர் பரேல், பவாய் என்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளியலறைகளுக்கும் கூடங்களுக்கும் டைல்ஸ் பதிக்கிறார். மகள் தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஆங்கிலம் பள்ளியில் படித்ததுதான். கேள்விகளைத் தமிழில் சொல்லித்தரும்படி என்னை வீட்டுக்கு அழைத்திருந்தாள். ஒற்றை அறை, மேலே ஏணி வைத்த பரண். அவர் வேலை முடிந்து வந்து, குளித்த பிறகும் நகக்கண்ணில், டைல்ஸ் இடுக்கில் பூசும் வெள்ளை கிரவுட் போகாத கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் கைப்பேசியை நடுவில் வைத்துத் தொடங்கினோம்.

முதல் கேள்வி, சமையலறை அலமாரிகள் செய்வது. சிரித்துக்கொண்டே ‘பிடிக்காது’ என்று அழுத்தினாள். இரண்டாவது கேள்வி, செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது. நான் அதைச் சொல்லி முடித்ததும் அவள் விரல் திரைமேல் நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் காதில் விழுந்திருக்கிறது. “பிடிக்கலைன்னு போடு பாப்பா” என்றார். அவள் அப்போதும் அழுத்தவில்லை. “ரொம்பப் பிடிக்கலைன்னு இருந்தா அதைப் போடு” என்றார். இருந்தது. போட்டாள். பிறகு மடமடவென்று மற்ற கேள்விகளுக்குப் போய்விட்டோம். வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது, மீன் பண்ணையில் மீன் வளர்ப்பது, லாரி ஓட்டிப் பொட்டலம் சேர்ப்பது என்று கையால் செய்யும் வேலை எது வந்தாலும் அவள் விரல் யோசிக்காமல் அதே பெட்டிக்குப் போனது.

முடிவு வந்தது. கணக்கு வழக்கு வகையும் பிறருக்கு உதவும் வகையும் மேலே. கைவேலை வகை அடிமட்டத்தில். பட்டியலில் வங்கி எழுத்தர், அலுவலக உதவியாளர் போன்றவை முதலில் வந்தன. அப்பாவுக்குத் திருப்தி. “ஆபீஸ் வேலைதான் வருது, பாத்தீங்களா டீச்சர்” என்றார். தேநீர் வந்தது. அத்தோடு கிளம்பியிருப்பேன்; ஆனால் அவர் மறுநாள் வேலைக்கு வேண்டிய கணக்கை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு குளியலறை வரைந்திருந்தது. 2க்கு 4 அடி டைல்ஸ், குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த சரக்கு, பெட்டிக்கு இத்தனை என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் எத்தனை பெட்டி, எவ்வளவு சேதாரம் என்று கணக்குப் போட்டாள். அது பெரிதில்லை, கணக்கு வரும் எந்தப் பிள்ளையும் போடும். அதற்கு அடுத்து அவள் செய்ததுதான் என்னை உட்கார வைத்தது. அவர் வரைந்திருந்த வரிசை, வாசலுக்கு எதிர்ச் சுவரில் மூன்று விரல் அகலத் துண்டில் முடிந்தது. அவள் பென்சிலை எடுத்து வரிசை முழுவதையும் அரை டைல் தள்ளி, “உள்ளே நுழைஞ்சதும் முழு டைல் தெரியணும் இல்லப்பா, துண்டு கதவுக்குப் பின்னாடி போகட்டும்” என்றாள். பிறகு வடிகால் மூலையைக் காட்டி, இங்கே நான்கு பக்கமும் வாட்டம் வர வேண்டும், இந்த அகல டைல் வளையாது, ஆகவே மூலைவிட்டமாக வெட்டினால்தான் தண்ணீர் ஓடும் என்று சொன்னாள். அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, “ஆமா” என்று அந்தக் கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டார்.

சமதளத்தில் வரைந்த கோட்டைப் பார்த்து, முப்பரிமாணத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று மனத்துக்குள் பார்க்கிற பெண் இவள். உளவியலாளர்கள் இதை இடஞ்சார் திறன் என்பார்கள். அமெரிக்காவில் 1960இல் சுமார் நான்கு லட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்து, பிறகு பல ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பொறியியலிலும் இயற்பியல் அறிவியலிலும் பிற்காலத்தில் நிலைத்தவர்களிடம் இந்தத் திறன் பதின்பருவத்திலேயே தூக்கலாக இருந்தது தெரியவந்தது. நம் ‘தமன்னா’ சோதிக்கும் ஏழு திறன்களில் இதுவும் ஒன்று. ஆனால் அவள் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவள். அவள் எழுதியது ஆர்வத் தேர்வு. ஆர்வத் தேர்வுக்குத் திறன் தெரியாது, கேட்கவும் கேட்காது. ‘ரொம்பப் பிடிக்காது’ என்று அவள் சொன்னதை அது நம்பிவிட்டது. நம்புவதைத் தவிர அதற்கு வேறு வழியும் இல்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. வெயிலிலும் தூசியிலும் முழங்காலில் உட்கார்ந்து, மகள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பதற்காகவே உழைக்கிற மனிதர் வேறென்ன சொல்வார்? ஆனால் அதே மனிதர்தான், தேநீர் குடித்துக்கொண்டே, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றாலும் கையால் தடவிப் பார்க்காமல் அடுத்த டைலுக்குப் போக மாட்டேன் என்றும், பத்து ஆண்டுகளுக்கு முன் தாதரில் தான் போட்ட தளத்தில் இன்றைக்கும் ஒரு டைல்கூடப் பொள்ளலாக ஒலிக்காது என்றும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை அவருக்குப் பிடிக்கும். அந்த வேலைக்கு ஊரில் இருக்கும் மரியாதை பிடிக்காது. இந்த இரண்டுக்கும் அந்தத் தேர்வில் இருப்பது ஒரே பெட்டி.

தேர்வின் தொடக்கத்திலேயே ஓர் அறிவுரை உண்டு: இந்த வேலைக்கு வேண்டிய படிப்பு உன்னிடம் இருக்கிறதா, இதில் எவ்வளவு சம்பளம் வரும் என்பதையெல்லாம் யோசிக்காதே, வேலை பிடிக்குமா என்று மட்டும் யோசி. நியாயமான அறிவுரைதான். எந்த வேலையைச் செய்தாலும் யாரும் யாரையும் கீழாகப் பார்க்காத ஊரில் அதைக் கடைப்பிடிக்கவும் முடியும். நாம் இருக்கும் ஊரில், கையில் மண் படுகிற வேலை எந்தச் சாதிக்கு, எந்தத் தெருவுக்கு என்று பிள்ளை பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை விட்டுத் தப்பி மும்பைக்கு வந்த குடும்பத்திடம் போய், அந்த எழுத்தைப் பற்றி யோசிக்காமல் பதில் சொல்லுங்கள் என்றால் எப்படிச் சொல்வார்கள்? என்னிடம் வந்த தாள்களை நினைவிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். மெக்கானிக்கின் மகன், தோல் பட்டறையில் வேலை செய்பவரின் மகள், எலக்ட்ரீஷியனின் மகன் என்று எல்லோருக்கும் கைவேலை வகைதான் கடைசி. விசித்திரம் என்னவென்றால், என் அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், வீட்டில் ஆணி அடிப்பதைக்கூடப் பார்க்காதவர்கள், அதே கேள்விகளுக்கு ‘பிடிக்கும்’ என்று உற்சாகமாகப் போடுகிறார்கள். அவர்களுக்கு மரவேலை என்பது கோடைக்காலப் பயிற்சி முகாம்.

நடுப்பெட்டி

ஐந்து பெட்டிகளில் நடுவில் இருப்பது ‘தெரியவில்லை’. அந்தப் பெண் அதை நிறைய அழுத்தினாள். பங்குச் சந்தையில் பங்குகள் வாங்கி விற்பது: தெரியவில்லை. நீர் மாசுபாட்டைக் குறைக்க வழி ஆராய்வது: தெரியவில்லை. புத்தகமோ நாடகமோ எழுதுவது: தெரியவில்லை. “இதையெல்லாம் யாரு செய்வாங்க டீச்சர்?” என்று ஒரு கட்டத்தில் கேட்டாள். நல்ல கேள்வி. அவள் அறிந்த பெரியவர்களில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர் யாரும் இல்லை. மருந்து கண்டுபிடிப்பது பிடிக்குமா என்று கேட்டபோது, அவள் மனத்தில் வந்தது தெருமுனை மருந்துக்கடை அண்ணன்தான்.

கணக்குப் போடும்போது இந்த நடுப்பெட்டி ஒரு நடுத்தர மதிப்பெண்ணாகச் சேர்ந்துவிடுகிறது. பார்த்துப் பழகி, பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிற ஒருவனுடைய ‘தெரியவில்லை’யும், அப்படியொரு வேலை உலகில் இருப்பதே தெரியாத ஒருத்தியின் ‘தெரியவில்லை’யும் ஒரே எண். இரண்டும் முற்றிலும் வேறு செய்திகள். முதலாவது ஆர்வத்தைப் பற்றிய செய்தி. இரண்டாவது, பிள்ளை வளர்ந்த தெருவைப் பற்றிய செய்தி. முடிவுத் தாளில் இரண்டாவது செய்தி எங்கேயும் வராது. நானாக இருந்தால் அந்தப் பெட்டியை இரண்டாகப் பிரிப்பேன். தேர்வு எழுதுபவர்கள் எந்த அளவுக்கு எந்த உலகத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது ஒன்றே போதும்.

இது புதிதாக வந்த கோளாறும் இல்லை. 1927இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஸ்ட்ராங் வெளியிட்ட ஆர்வப் படிவம் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. ஒரு தொழிலில் நிலைத்திருப்பவர்கள் எதையெல்லாம் விரும்புகிறார்கள், எதையெல்லாம் வெறுக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, உன் பட்டியல் யாருடையதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் முறை அது. வழக்கறிஞர்களின் விருப்பங்களோடு உன் விருப்பம் ஒத்தால் நீ வழக்கறிஞர் ஆகலாம். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் ஆணுக்கு ஒரு படிவம், பெண்ணுக்கு ஒரு படிவம் என்று தனித்தனியாகத்தான் அது 1974 வரை இருந்தது. ஏற்கெனவே ஒரு தொழிலுக்குள் யார் இருக்கிறார்களோ அவர்களை அளவுகோலாக வைத்தால், இதுவரை உள்ளே விடப்படாதவர்களை அந்த அளவுகோல் எப்படி அளக்கும்? அந்தக் கேள்வியை அங்கே பெண்கள் கேட்டார்கள், படிவம் மாறியது. இங்கே மிஸ்திரியின் மகள் சார்பாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வயது என்று இன்னொரு சங்கடம் இருக்கிறது. தொழில் ஆர்வங்கள் எவ்வளவு நிலையானவை என்பதைப் பற்றிய அறுபத்துச் சொச்சம் நெடுங்கால ஆய்வுகளைத் திரட்டி 2005இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. பதின்பருவம் முழுவதும் ஆர்வங்கள் ஓரளவுக்கு நிலையாக இருக்கின்றன, பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் அந்த நிலைத்தன்மை சட்டென்று கூடுகிறது, அதன்பின் நடுவயது வரை பெரிதாக மாறுவதில்லை என்பது அதன் முடிவு. கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துப் பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாட்டுக்கு இது தோதான செய்தி. நாம் பதினைந்து, பதினாறு வயதில் சயன்ஸ், காமர்ஸ் என்று வாசலைச் சாத்திவிடுகிறோம். ஆர்வம் இறுகும் வயது வருவதற்குள் நம் பிள்ளைகள் பாதி வழி போயாயிற்று.

இதையெல்லாம் சொல்லி முடித்து, இந்தத் தேர்வு எதையும் சொல்லாது என்று நான் முடிவு கட்டினால் அதுவும் தப்பு. சொல்கிறது, கொஞ்சம் சொல்கிறது. ஆர்வத்துக்கும் வேலைக்கும் இருக்கும் பொருத்தம், வேலையில் கிடைக்கும் மனநிறைவோடு எவ்வளவு சேர்ந்து போகிறது என்று பார்த்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் ஒட்டுறவுக் கெழு சுமார் 0.19 என்று வந்தது. ஒன்று என்றால் முழுப் பொருத்தம், பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, 0.19ஐ வர்க்கப்படுத்தினால், மனநிறைவில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவாகவே இந்தப் பொருத்தம் விளக்குகிறது. மீதியெல்லாம் மேலாளர், சம்பளம், லோக்கல் ரயிலில் எத்தனை மணி நேரம், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற சமாச்சாரங்கள். இந்த எண்ணைக் கேட்டதும் என் தோழி ஒருத்தி, பிறகு எதற்கு இந்தக் கூத்து என்றாள். நூற்றுக்கு நான்கு என்பது சும்மா வருகிறதென்றால் விடுவானேன் என்பது என் பதில். அதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பதைத்தான் விட வேண்டும்.

அப்படிக் கொடுக்கிறவர்களும் வருகிறார்கள். போன ஆண்டு ஒரு குடும்பம் தடித்த பளபளப்புக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. பையனின் பத்து விரல் ரேகைகளையும் எடுத்து, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வலுவானது, அதனால் அவன் எந்தப் படிப்புக்கு லாயக்கு என்று சதவீதத்தோடு எழுதியிருந்தார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் இந்த ரேகைத் தேர்வுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. அதைச் சொன்னபோது அவன் அம்மா, “ஆனா எல்லாம் சரியா சொல்லியிருக்காங்களே, கூச்ச சுபாவம், ஆனா பழகிட்டா கலகலப்பா இருப்பான்னு” என்றார். யாரைப் பற்றி எழுதினாலும் சரியாக இருக்கும் வாக்கியம் அது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் அத்தனை பேருக்கும், சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே குறிப்பைத் தனித்தனி முடிவு என்று சொல்லிக் கொடுத்தார்; அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டுப் பாராட்டினார்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணம் ஏற்கெனவே போய்விட்டது.

தாளைத் திருப்பி வைத்து

இப்போது யாராவது முடிவுத் தாளோடு வந்தால், தொழில் பட்டியல் இருக்கும் பக்கத்தை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் கேள்விகளை எடுத்துக்கொண்டு, ‘ரொம்பப் பிடிக்காது’ என்று போட்டவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்: இந்த வேலையை யார் செய்து நீ பார்த்திருக்கிறாய், அதில் எது பிடிக்கவில்லை? அடுத்து நடுப்பெட்டி: பார்த்து, யோசித்து, முடிவு செய்ய முடியாமல் போட்டதா, கேள்வியே புரியாமல் போட்டதா? நேரம் பிடிக்கும் வேலை. சில பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். ஆனால் எலக்ட்ரீஷியனின் மகனிடம் கேட்டபோது, மின்சார வேலை பிடிக்காது என்று அவன் போட்டதற்குக் காரணம் கூலியைக் கேட்டு வாங்க அப்பா படும் பாடுதான், வயரிங் வரைபடம் படிக்க அவனுக்கு ஆசைதான் என்று தெரிந்தது. அறுபது கேள்விகளில் கூலி வசூலைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

மிஸ்திரியின் மகளோடும் இதைச் செய்தேன், இந்த முறை அவர் இல்லாத நேரத்தில். டைல்ஸ் கேள்விக்கு வந்ததும் அவள் நேராகவே சொன்னாள்: “பதிக்கிறது பிடிக்காது டீச்சர், முட்டி வலிக்கும், அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் வலிக்குது. ஆனா எங்க எது வரணும்னு யோசிக்கிறது பிடிக்கும்.” இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு அவரிடமே பேசினேன். சிவில் டிப்ளமா என்று வாயெடுத்ததுமே முகம் மாறியது. கட்டட வேலை என்ற சொல்லுக்கு அப்பால் அவர் போகத் தயாராக இல்லை. சைட்டில் டைல்ஸ் வரிசையை முடிவு செய்வது யார் என்று கேட்டேன். பெரிய வேலைகளில் ஆர்க்கிடெக்ட் மேடம் ஒருவர் வருவார் என்றார். வரைபடத்தை விரித்து, இந்த வரிசை இங்கே தொடங்கணும் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை அவர் போட்ட கணக்கு வாட்டத்துக்கு ஒத்துவராமல் போனபோது இவர் எடுத்துச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டு மாற்றினார் என்பதைப் பெருமையோடு சொன்னார். “உங்கள் மகள் அன்றைக்குச் செய்தது அந்த மேடத்தின் வேலைதானே” என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த மேடம் மாதிரின்னா சரி” என்றார். பதினாறு வருடமாக அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். மகளுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. தேர்வு அவளிடம் கேட்டது. கேட்டிருக்க வேண்டிய பாதிக் கேள்விகள் அவருக்கு உரியவை.

இதனால் எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான பி.ஆர்க் ஐந்து ஆண்டுப் படிப்பு, தனியார் கல்லூரி என்றால் கட்டணத்தை நினைத்தே பார்க்க முடியாது, அரசுக் கல்லூரி இடத்துக்கு நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும். அவளும் ஒரேயடியாகத் தீர்மானித்துவிடவில்லை. தோழிகள் இருவர் காமர்ஸில் சேர்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய காரணம், அந்த வயதில் அது சின்னக் காரணமும் அல்ல. ஜூனியர் காலேஜ் விண்ணப்பத்தில் சயன்ஸைக் கணக்கோடு எடுத்திருக்கிறாள், பாலிடெக்னிக் சேர்க்கைக்கும் தனியாக விண்ணப்பித்திருக்கிறாள், இரண்டில் எந்த இடம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்து, டிப்ளமா முடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே அந்த மேடத்தின் படிப்பைப் படிக்க முடியுமா என்று கேட்டார். கணக்கை ஒரு பாடமாக வைத்து டிப்ளமா முடித்தவர்களும் நுழைவுத் தேர்வு எழுதலாம், ஆனால் படிப்பு முழுநேரப் படிப்பு, வேலை பார்த்துக்கொண்டே முடியாது என்றேன். “அப்ப எட்டு வருசம்” என்றார். ஆமாம் என்றேன். விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார். தம்பிக்காரன் அடுத்த வருடம் பத்தாவது என்றும், முடிவு வந்ததும் மகளையும் அழைத்துக்கொண்டு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.